கணக்குப் போடும் கடிகாரம்



உங்கள் கடிதம் கிடைத்தது. விமானப் பொறியியல் படிக்கும் நீங்கள், உறவினர் ஒருவர் கட்டியிருந்த, பிரைட்லிங் கம்பெனியின் நாவிடைமர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி பார்க்கவே முள்ளைத் தேட வேண்டியிருக்கிறது. இத்தனை பொடி எண்களை எதற்கு அடைத்து வைத்திருக்கிறார்கள்? விமானிகள் நிஜமாகவே இதைப் பயன்படுத்தினார்களா, இல்லை எல்லாம் விளம்பரமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சந்தேகம் பலருக்கும் இருக்கும் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான பதில்: பயன்படுத்தினார்கள். அந்த எண்கள் ஒரு கணக்குக் கருவி. பாக்கெட் கால்குலேட்டர் வருவதற்கு முன்னால், ஒரு கையில் விமானத்தின் பிடியும் மடியில் வரைபடமுமாக உட்கார்ந்திருந்தவருக்குப் பெருக்கலும் வகுத்தலும் போட்டுக் கொடுத்த கருவி அது. நீண்ட பதிலுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்தக் கம்பெனியின் வரலாற்றில் உருப்படியாக நடந்தவை எல்லாமே, கை ஓய்வில்லாத ஒருவருடைய சிரமத்தை யாரோ கூர்ந்து கவனித்ததால் நடந்தவை. இதை நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்தின் மேற்கே, பிரான்சை ஒட்டிக் கிடக்கிறது ஜூரா மலை. பனிக்காலம் வந்தால் அங்கே வயல் வேலை நின்றுபோகும். ஜன்னலோரம் உட்கார்ந்து கடிகார உறுப்புகள் செய்வது அந்த மலைக் குடும்பங்களின் தொழிலானது. ஒரு வீட்டில் பல்சக்கரம், இன்னொரு வீட்டில் முள், மூன்றாவது வீட்டில் உறை. லேயோன் பிரைட்லிங் 1860ல் செயின்ட்-இமியே என்ற ஊரில் பிறந்தவர். அந்தச் சின்ன ஊரில்தான் 1872ல் பகூனின் உள்ளிட்ட அராஜகவாதிகள் கூடிப் புகழ்பெற்ற மாநாட்டை நடத்தினார்கள். அவர்களுக்குப் பக்கபலமாக நின்றவர்களில் ஜூராவின் கடிகாரத் தொழிலாளிகள் நிறையப் பேர். தன் மேஜையில், தன் வேகத்தில், தன் மூளையை நம்பி வேலை செய்து பழகிய கைவினைஞர்கள் அவர்கள். லேயோனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. 1884ல், இருபத்து நான்காம் வயதில், அதே ஊரில் சொந்தப் பட்டறை போட்டார்.

1892ல் பட்டறை பக்கத்திலிருந்த பெரிய ஊரான லா ஷோ-த-ஃபோனுக்குப் போனது. அந்த ஊரைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1794ல் தீ விபத்தில் பெரும்பகுதி எரிந்துபோனது. அதன்பின் நேர்நேரான தெருக்களாக, ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்கும் வெயில் கிடைக்கும்படி கட்டினார்கள். கடிகார வேலைக்கு வெளிச்சம்தான் முதல் தேவை. பின்னாளில் கட்டடக்கலையையே புரட்டிப்போட்ட லெ கொர்புசியே அந்த ஊரில் பிறந்து, இளவயதில் கடிகார உறைகளுக்குச் சித்திர வேலை கற்றவர். 2009ல் யுனெஸ்கோ அந்த ஊரையும் பக்கத்து ஊரான லெ லோக்லையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

லேயோன் அழகுக் கடிகாரங்களின் பக்கம் அதிகம் போகவில்லை. கால இடைவெளியை அளக்கும் கருவிகளைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கும் மருத்துவர், பந்தயம் நடத்துகிறவர், ஆலையில் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கிற மேற்பார்வையாளர் ஆகியோர்தான் அவருடைய வாடிக்கைக்காரர்கள். நாம் ஸ்டாப்வாட்ச் என்று சொல்வதை ஒரு முழுக் கடிகாரத்துக்குள்ளேயே சேர்த்தால் அதற்குக் குரோனோகிராஃப் என்று பெயர்.

நீங்கள் பொறியியல் படிக்கிறவர் என்பதால் அதன் உள்ளே ஒரு நுணுக்கத்தைக் காட்டுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் வினாடி முள் எந்த இடத்தில் நின்றாலும், ஒரு பட்டனை அழுத்தியதும் மின்னல்போல் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். 17ல் நின்றாலும் சரி, 52ல் நின்றாலும் சரி. இதை எப்படிச் செய்வீர்கள்? முள்ளின் அச்சில் இதய வடிவத்தில் ஒரு சிறிய எஃகுத் துண்டு இருக்கிறது. பட்டனை அழுத்தினால் தட்டையான முகம் கொண்ட ஒரு சுத்தியல் அதன் விளிம்பில் வந்து மோதுகிறது. இதயத்தின் விளிம்பு வளைந்து வளைந்து போவதால் சுத்தியல் எந்த இடத்தில் மோதினாலும் இதயம் வழுக்கிக்கொண்டு சுழன்று, இதயத்தின் பள்ளம் சுத்தியலுக்கு நேராக வந்த பிறகுதான் நிற்கும். அந்த இடம்தான் பூஜ்யம். மின்சாரமோ நினைவகமோ எதுவும் கிடையாது, வெறும் வடிவம்தான் வேலையை முடிக்கிறது. 1844ல் அடால்ஃப் நிக்கோல் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை எடுத்த யோசனை இது. இன்று செய்யப்படும் இயந்திரக் குரோனோகிராஃப்களிலும் அதே இதயம் இருக்கிறது.

லேயோன் 1914ல் இறந்தார். மகன் காஸ்டன் பொறுப்பேற்ற நேரம் முதல் உலகப் போர். பாக்கெட்டில் கிடந்த கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த காலம். பாக்கெட் கடிகாரத்தில் குரோனோகிராஃப்பின் பட்டன், சாவி கொடுக்கும் குமிழோடு சேர்ந்தே இருந்தது. உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தும்போது அது வசதி. மணிக்கட்டில் கட்டிய பிறகு அதே இடம் கைக்கு எட்டாமல் இடிக்கிறது. காஸ்டன் 1915ல் பட்டனைக் குமிழிலிருந்து பிரித்து 2 மணி எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். கையை உயர்த்தி மறு கையின் விரலால் இயல்பாக அழுத்தும் இடம் அதுதான்.

காஸ்டன் 1927ல் காலமானார். சில ஆண்டுகள் வேறு நிர்வாகத்தில் ஓடிய கம்பெனியை, 1932ல் அவருடைய மகன் வில்லி ஏற்றார். வயது பத்தொன்பது. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரத்தில் ஒரு பையனின் கையில் தாத்தாவின் கடை வந்து சேர்ந்தது. தம்பி, இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் ஆள் இந்த வில்லிதான்.

அதுவரை குரோனோகிராஃப்களில் ஒரு சங்கடம் இருந்தது. பெரும்பாலானவற்றில் ஒரே பட்டன்தான். முதல் அழுத்தில் ஓடும், இரண்டாவதில் நிற்கும், மூன்றாவதில் பூஜ்யத்துக்குப் போகும். இந்த வரிசையை மாற்ற முடியாது. நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்ட வழியில்லை. ஆட்டத்தின் நடுவே நிறுத்தம் வந்தாலோ, பறக்கும்போது பாதை மாறி மறுபடி பழைய பாதைக்கு வந்தாலோ, மொத்த நேரத்தை மனதில் கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1934ல் வில்லியின் கம்பெனி 4 மணி இடத்தில் இரண்டாவது பட்டன் வைத்தது. மேல் பட்டன் ஓட்டவும் நிறுத்தவும், கீழ்ப் பட்டன் பூஜ்யத்துக்குத் திருப்ப. இன்றைக்கு நீங்கள் எந்தக் கடையில் எந்த விலைக்குக் குரோனோகிராஃப் வாங்கினாலும் பெரும்பாலும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பட்டன்கள் இருக்கின்றனவே, அது இங்கிருந்து வந்த ஏற்பாடு.

விமானத்தோடு உறவு தொடங்கியது அடுத்து. 1938ல் வில்லி விமானக் கருவிகளுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் கடிகாரங்களை விமானத்தின் கருவிப் பலகைக்குச் செய்ததால் பிரிவுக்கே 'எட்டு' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை வைத்தார். அதிர்வு, குளிர், வெப்பம் எல்லாவற்றுக்கும் சோதித்து, இருட்டில் ஒளிரும் எண்களோடு வந்த கடிகாரங்கள். போர் மூண்டபோது பிரிட்டிஷ் விமானப்படைக்கும் போயின.

விமானிகளுக்குக் கடிகாரம் செய்தவர் வில்லி மட்டும் இல்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். விமானி பிளேரியோ 1909ல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியபோது கட்டியிருந்தது ஜெனித் கம்பெனியின் கடிகாரம். தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த லிண்ட்பெர்கின் யோசனையை வைத்து லாஞ்ஜீன் ஒரு கடிகாரம் செய்தது. பிரிட்டிஷ் விமானப்படைக்காக ஷாஃப்ஹவுசனின் ஐ.டபிள்யூ.சி. செய்த மார்க் 11, கறுப்பு டயலும் வெள்ளை எண்களுமாக, ஒரு பார்வையில் மணி தெரிந்துவிடும் அற்புதமான கடிகாரம். மணியை மட்டும் தெளிவாகக் காட்டு, மற்றதெல்லாம் இடைஞ்சல் என்பது அந்தக் கடிகாரத்தின் கொள்கை. நீங்கள் கேட்ட கேள்வி அந்தக் கொள்கையின் கேள்விதான். பிரைட்லிங் வேறு பக்கம் போனது. விமானிக்கு மணி தெரிந்தால் மட்டும் போதாது, மணியை வைத்து அவர் போடும் கணக்கிலும் உதவ வேண்டும் என்று நினைத்தது.

1940களின் தொடக்கத்தில் குரோனோமேட் என்ற கடிகாரம் வந்தது. டயலைச் சுற்றி வட்ட வடிவ ஸ்லைடு ரூல். பொறியாளர்களுக்கும் கணக்கர்களுக்கும் என்று செய்தது. உங்கள் தலைமுறை ஸ்லைடு ரூலைப் பார்த்திருக்காது. உங்கள் தாத்தா காலத்துப் பொறியாளர்களின் சட்டைப் பையில் அது இல்லாத நாள் கிடையாது. பதினேழாம் நூற்றாண்டில் நேப்பியர் மடக்கையைக் கண்டுபிடித்த சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தில் இது பிறந்துவிட்டது. இரண்டு எண்களைப் பெருக்க அவற்றின் மடக்கைகளைக் கூட்டினால் போதும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தக் கூட்டலை அளவுகோலின் நீளத்தால் செய்துவிட்டால் தாளும் பென்சிலும் வேண்டாம். அளவுகோலை வட்டமாக வளைத்துவிட்டால் அது ஒருபோதும் முடியாது, 100ஐத் தாண்டினால் மறுபடி 10.

இதை வானத்துக்கு எடுத்துப்போனது 1952ல். அமெரிக்காவில் சொந்த விமானம் வைத்திருப்போரும் விமானிகளும் சேர்ந்து 1939ல் தொடங்கிய சங்கம் ஒன்று உண்டு. ஆங்கில முதலெழுத்துகளால் ஏ.ஓ.பி.ஏ. என்பார்கள். அந்தச் சங்கத்துக்காக வில்லி செய்த கடிகாரம்தான் நாவிடைமர். முதலில் வந்தவற்றின் டயலில் சங்கத்தின் சிறகுச் சின்னம் இருந்தது. கடைகளில் பொதுமக்களுக்குக் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது நீங்கள் பார்த்த அந்தப் பொடி எண்களுக்கு வருவோம். டயலின் ஓரத்தில் இரண்டு எண் வரிசைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளி வரிசை, கடிகாரத்தின் விளிம்பு வளையத்தோடு சேர்ந்து சுழலும். உள் வரிசை அசையாது. பழைய நாவிடைமர்களில் அந்த வளையத்தின் ஓரம் மணி கோத்தது மாதிரி சிறு சிறு குமிழ்களாக இருக்கும், விரல் வழுக்காமல் பிடித்துத் திருப்பத்தான்.

உள் வரிசையில் 60 என்ற இடத்தில் ஒரு குறி. ஒரு மணி நேரத்துக்கு 60 நிமிடம் என்பதன் அடையாளம் அது. உங்கள் விமானம் 135 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 135 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தைத் திருப்பி வெளி வரிசையின் 13.5ஐ அந்த 60க்கு நேரே நிறுத்துகிறீர்கள். அவ்வளவுதான் வேலை. இனி வெளி வரிசை முழுவதும் தூரம், உள் வரிசை முழுவதும் நிமிடம். அடுத்த ஊர் 81 கடல் மைல் என்று வரைபடம் சொல்கிறது. வெளியே 81ஐத் தேடுங்கள். அதற்கு நேர் உள்ளே 36 நிற்கும். 36 நிமிடத்தில் போய்ச் சேருவீர்கள். ஒரு தடவை திருப்பிவிட்டால் அந்த வேகத்தில் உள்ள எல்லாத் தூரத்துக்கும் எல்லா நேரத்துக்கும் விடை கண் முன்னாலேயே நிற்கிறது. தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டாம்.

எரிபொருளும் அதே மாதிரி. என்ஜின் மணிக்கு 40 லிட்டர் குடிக்கிறது என்றால் 40ஐ 60க்கு நேரே வையுங்கள். 36 நிமிடத்துக்கு எதிரே 24 தெரியும். 24 லிட்டர். தசமப் புள்ளி எங்கே என்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அது 2.4 ஆகவோ 240 ஆகவோ இருக்க முடியாது என்று விமானிக்குத் தெரியும். கருவி எண்ணைக் கொடுக்கிறது, அளவு சரியா என்று பார்ப்பது மனிதரின் பொறுப்பு. இந்தப் பங்கீடு எனக்கு மிகவும் பிடிக்கும். கால்குலேட்டர் தவறாகத் தட்டிய எண்ணுக்கும் நம்பிக்கையாக விடை சொல்லும். ஸ்லைடு ரூல் பயன்படுத்துகிறவர் விடை எவ்வளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று யோசிக்காமல் இருக்கவே முடியாது.

உள் வரிசையில் இன்னும் மூன்று குறிகள் உண்டு. 33க்கு அருகே கடல் மைல், 38க்கு அருகே தரை மைல், 61க்கு அருகே கிலோமீட்டர். கடல் மைல் குறிக்கு நேரே வெளி வளையத்தின் 10ஐ நிறுத்துங்கள். தரை மைல் குறிக்கு எதிரே 11.5, கிலோமீட்டர் குறிக்கு எதிரே 18.5 என்று படிக்கலாம். 100 கடல் மைல் என்பது 115 மைல், 185 கிலோமீட்டர். வரைபடம் ஒரு அளவில், கோபுரத்திலிருந்து பேசுகிறவர் இன்னொரு அளவில் சொல்லும் சூழ்நிலையில் இது எவ்வளவு உதவும் என்று நினைத்துப் பாருங்கள்.

விமானி பெரிய வட்டக் கணிப்பான் ஒன்றையும் பையில் வைத்திருப்பார். இ6பி என்று பெயர், உங்கள் துறையில் கேள்விப்பட்டிருப்பீர்கள், பயிற்சிப் பள்ளிகளில் இன்றும் சொல்லித்தருகிறார்கள். நாவிடைமர் அதன் ஒரு பகுதியை மணிக்கட்டில் கொண்டுவந்து வைத்தது. 41 மில்லிமீட்டர் குறுக்களவுக்குள் எண்கள் பொடியாகத்தான் இருக்கும், துல்லியம் பெரிய கருவிக்கு ஈடாகாது. ஆனால் அவசரத்தில் பையைத் துழாவ வேண்டியதில்லை. பிடி நடுங்கிக்கொண்டிருக்கும்போது, "இருக்கும் எரிபொருளில் போய்ச் சேருவோமா" என்ற கேள்விக்கு இரண்டு விரலில் பதில் கிடைத்தது.

இன்னொன்று. பிரைட்லிங் அந்தக் காலத்தில் கடிகாரத்தின் உள் இயந்திரத்தைத் தானே செய்யவில்லை. வீனஸ், வால்ஜூ போன்ற நிறுவனங்களிடமிருந்து வாங்கியது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பட்டன் எங்கே இருக்க வேண்டும், வளையம் எப்படித் திரும்ப வேண்டும், கண் எங்கே போகும் என்று மனிதரும் இயந்திரமும் தொட்டுக்கொள்ளும் இடத்தைப் பற்றி யோசித்ததுதான் அந்தக் குடும்பத்தின் உண்மையான திறமை. அது பல்சக்கரம் வெட்டுவதைவிடச் சுலபமான வேலை இல்லை.

1962 மே 24ல் விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பெண்டர் அரோரா 7 விண்கலத்தில் பூமியை மூன்று சுற்றுச் சுற்றினார். கையில் இருந்தது அவர் கேட்டபடி மாற்றிச் செய்த நாவிடைமர். 12 மணி டயலுக்குப் பதில் 24 மணி டயல். சுற்றுப்பாதையில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பகலும் இரவும் மாறிவிடுவதால் 7 என்றால் காலையா மாலையா என்ற குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. சுவிஸ் கைக்கடிகாரம் ஒன்று விண்வெளிக்குப் போனது அதுவே முதல் முறை. திரும்பும்போது கலம் குறித்த இடத்தைத் தாண்டி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி விழுந்தது. மீட்புக்காரர்கள் வரும்வரை அவர் கடலில் சிறு ரப்பர் படகில் காத்திருந்தார். உப்புத் தண்ணீர் புகுந்து கடிகாரம் கெட்டுப்போனது. அவருக்கு வேறொன்று கொடுத்துவிட்டு, துருப்பிடித்த பழையதைக் கம்பெனியில் வைத்துக்கொண்டார்கள். பயணத்தின் அறுபதாம் ஆண்டான 2022ல் அதை அதே துருவோடு வெளியே காட்டினார்கள். பளபளப்பாக்கிக் காட்டாமல் விட்டதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

1969 மார்ச் 3 அன்று ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் ஒரே நாளில் ஓர் அறிவிப்பு. கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் தானியங்கிக் குரோனோகிராஃப். பிரைட்லிங், ஹோயர், ஹாமில்டன்-பியூரன், தெபுவா-தெப்ரா ஆகிய நிறுவனங்கள் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து செய்தது. சாவி கொடுக்கத் தேவையில்லை என்பதால் குமிழைக் கொண்டுபோய் இடப்பக்கம் வைத்தார்கள். ஜெனித் அதே ஆண்டு ஜனவரியிலேயே தன்னுடையதை அறிவித்திருந்தது. ஜப்பானின் செய்கோவும் அந்த ஆண்டே கடைக்கு அனுப்பியது. யார் முதல் என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை, அதற்குள் நான் போகவில்லை.

ஏனென்றால் அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் டோக்கியோவில் செய்கோ விற்பனைக்கு வைத்த ஒன்று இந்த வாக்குவாதத்தையே அர்த்தமில்லாமல் செய்துவிட்டது. அது அஸ்ட்ரான், உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். மெல்லிய படிகத்தின் அதிர்வை எண்ணி நேரம் சொல்வது. எவ்வளவு நுணுக்கமாக வெட்டிய பல்சக்கரமும் அதன் துல்லியத்துக்குப் பக்கத்தில் வர முடியாது. சில ஆண்டுகளில் விலையும் சரிந்தது. 1970ல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் சுமார் 30,000. ஊர் ஊராக ஜன்னலோர மேஜைகள் காலியாயின.

வில்லிக்கு விழுந்தது இரட்டை அடி. இதை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. 1972ல் ஹ்யூலெட்-பேக்கார்டு, எச்பி-35 என்ற சட்டைப்பைக் கால்குலேட்டரைக் கொண்டுவந்தது. மடக்கை, முக்கோணவியல் எல்லாம் ஒரு பொத்தானில். மூன்று நூற்றாண்டுக்கு மேல் பொறியாளர்களின் தோழனாக இருந்த ஸ்லைடு ரூல் சில ஆண்டுகளிலேயே கடைகளிலிருந்து மறைந்துபோனது. நாவிடைமருக்குள் இருந்த கடிகாரத்தைக் குவார்ட்ஸ் தோற்கடித்தது என்றால், அதன் மேலிருந்த கணக்கைக் கால்குலேட்டர் தோற்கடித்தது. உடல்நலமும் குன்றிய வில்லி, 1979ல் கம்பெனியின் பெயரை எர்னஸ்ட் ஷ்னைடருக்கு விற்றார். அதே ஆண்டு காலமானார். நாவிடைமரின் உதிரி பாகங்களில் ஒரு பங்கை பிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த ஹெல்முட் சின் வாங்கினார். போர்க்காலத்தில் விமானம் ஓட்டியவர், பிறகு விமானிகளுக்குக் கடிகாரம் செய்தவர். சின் நிறுவனத்தின் 903 என்ற கடிகாரம் நாவிடைமரின் உடன்பிறப்பு போல இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காரணம் இதுதான்.

ஷ்னைடர் மின்னணுவியல் தெரிந்தவர், தானே விமானம் ஓட்டியவர். கம்பெனியை கிரென்ஷன் ஊருக்குக் கொண்டுபோனார். எல்லோரும் இயந்திரக் கடிகாரம் செத்துவிட்டது என்று முடிவு கட்டியிருந்த நேரத்தில், இத்தாலிய விமானப்படையின் சாகசக் குழுவான ஃப்ரெச்சே திரிகோலோரியின் விமானிகளோடு உட்கார்ந்து அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுக் கடிகாரம் செய்தார். அதிலிருந்து பிறந்தது, 1940களின் கடிகாரத்தின் பெயரையே மறுபடி தாங்கி வந்த 1984ன் குரோனோமேட். வெளி வளையத்தில் 15, 30, 45, 60 இடங்களில் மேடாகத் திருகிய நான்கு துண்டுகள். கையுறை போட்ட விரலாலும் பிடித்துத் திருப்பலாம், விமானத்தின் விதானத்தில் இடித்தாலும் கண்ணாடிக்கு முன் அவை அடி வாங்கிக்கொள்ளும். 15ஐயும் 45ஐயும் கழற்றி இடம் மாற்றினால் போன நேரத்துக்குப் பதில் மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும். வில்லியின் கடையை வாங்கியவர் வில்லியின் பழக்கத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

அந்தப் பழக்கத்தின் உச்சம் 1995ல் வந்த எமர்ஜென்சி. கடிகாரத்துக்குள்ளேயே ஒரு சிறு வானொலி அலைபரப்பி. விபத்தில் சிக்கினால் ஓரத்திலிருக்கும் மூடியைத் திருகி ஆன்டெனாவை இழுத்தால், விமானங்களின் சர்வதேச ஆபத்து அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்ஸில் அழைப்பு போகும். விளையாட்டுக்கு இழுத்துவிட்டால் மீட்புச் செலவை நானே ஏற்கிறேன் என்று வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். 2009 பிப்ரவரியில் செயற்கைக்கோள்கள் 121.5ஐக் கேட்பதை நிறுத்திவிட்டன. பின்னால் வந்த மாதிரியில் புதிய 406 மெகாஹெர்ட்ஸ் அலையையும் சேர்த்தார்கள். கைக்கடிகாரத்தில் அதைவிட நேர்மையான கூடுதல் வசதி ஒன்றை நான் அறியேன்.

1999ல் பெர்ட்ராண்ட் பிக்கார்டும் பிரையன் ஜோன்ஸும் பிரைட்லிங் ஆர்பிட்டர் 3 என்ற பலூனில் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றினார்கள். மார்ச் 1ல் சுவிஸ் மலையூரான ஷாட்டோ-தேயில் கிளம்பி, மார்ச் 21ல் எகிப்தின் பாலைவனத்தில் இறங்கினார்கள். முந்தைய இரண்டு முயற்சிகள், ஒன்று மத்தியதரைக் கடலிலும் ஒன்று பர்மாவிலுமாக, பாதியில் முடிந்திருந்தன. பணம் போட்டது கம்பெனி, பறந்தது அவர்கள். கடிகார வரலாற்றைவிட வானப் பயண வரலாற்றுக்கு உரிய கதை அது.

அதே காலத்தில்தான் எனக்குப் பிடிக்காத திசையிலும் கம்பெனி போனது. கடிகாரங்கள் பெருத்துக்கொண்டே போயின, பளபளப்பு கூடியது, மணிக்கட்டில் பணத்தைக் காட்டுகிற பொருளாக மாறியது. 2009ல் சொந்த இயந்திரமான பி01ஐச் செய்தது நல்ல காரியம். 2017ல் ஷ்னைடர் குடும்பம் பெரும்பங்கை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. இப்போது பழைய அளவுக்கும் பழைய டயலுக்கும் பக்கத்தில் வந்திருக்கிறார்கள். ஆனால் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த வளையத்தைத் திருப்பி ஒரு கணக்காவது போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கசக்கிறது. ஒரு கருவிக்குச் செய்யும் மரியாதை அதைப் பயன்படுத்துவது.

நீங்கள் கடைசியாக, "மாணவனாகிய என்னால் அதை வாங்க முடியாது, தெரிந்துகொண்டு என்ன செய்வது" என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம், செய்துகொள்ளுங்கள். கெட்டி அட்டையில் இரண்டு வட்டங்கள் வெட்டுங்கள், ஒன்று சற்றுச் சிறியது. நடுவில் ஒரு குண்டூசி. இரண்டின் விளிம்பிலும் ஒரே மாதிரி கோடுகள். எந்த எண்ணுக்கும் அதன் மடக்கையை 360ஆல் பெருக்கினால் அது நிற்க வேண்டிய கோணம் கிடைக்கும். 1 என்பது பூஜ்யம் டிகிரியில். 2 வருவது 108 டிகிரியில், 3 வருவது 172ல், 4 என்பது 217ல், 5 என்பது 252ல், 6 என்பது 280ல், 7 என்பது 304ல், 8 என்பது 325ல், 9 என்பது ஏறத்தாழ 344ல். இடையிலுள்ள பத்தில் ஒரு பங்குக் கோடுகளையும் இதே விதியில் போட்டுவிடுங்கள். சிறிய வட்டத்தின் 6ஐச் சிவப்பு மையால் குறியுங்கள், அதுதான் நாவிடைமரின் 60.

செய்து முடித்ததும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேகம் 105 நாட், தூரம் 84 கடல் மைல், எரிபொருள் செலவு மணிக்கு 30 லிட்டர். நேரம் 48 நிமிடம் வர வேண்டும், எரிபொருள் 24 லிட்டர். உங்கள் அட்டையில் என்ன வந்தது என்று எழுதுங்கள். கோடு சரியாக விழவில்லை என்றால் எந்த இடத்தில் பிசகுகிறது என்று குறித்து அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.